வாசித்தவர் பெயர்

1961-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அமெரிக்காவின் நியூ ஜெர்ஸி மாநிலத்து எங்கிள்வுட் கிளிஃப்ஸ் என்னும் ஊரில் அமைந்த ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில், சில நாள் இடைவெளியில் இரண்டு ஜாஸ் இசைத்தட்டுகளுக்கான பதிவுகள் நடந்தேறின. இரண்டிலும் ஆர்கன் வாசித்தவர் ஷெர்லி ஸ்காட் என்னும் அம்மையார். இரண்டிலும் டெனர் சாக்ஸபோன் வாசித்தவர் அவருடைய வாழ்க்கைத் துணைவராக விளங்கிய ஸ்டான்லி டரன்டைன். ஆயினும் பிரெஸ்டிஜ் கம்பெனியார் 'ஹிப் சோல்' என்று பெயரிட்டு வெளியிட்ட தட்டில் சாக்ஸபோன் வித்வானின் பெயர் 'ஸ்டான் டர்னர்' என்று அச்சாகியிருந்தது. புளூ நோட் கம்பெனியார் 'டியர்லி பிலவ்ட்' என்று பெயரிட்டு வெளியிட்ட தட்டிலோ அம்மையாரின் பெயர் 'லிட்டில் மிஸ் காட்' என்று அச்சாகியிருந்தது. ஒருவர் ஒரு கம்பெனிக்கும் மற்றவர் இன்னொரு கம்பெனிக்கும் ஒப்பந்தத்தால் கட்டுப்பட்டிருந்தமையால், தம்முடைய விரலும் தம்முடைய மூச்சும் படைத்த சங்கீதத்தின்மேல் தம்முடைய பெயரைப் போட்டுக்கொள்ளும் சுதந்திரம் இருவருக்கும் இல்லாமற் போயிற்று.

அறுபது ஆண்டுகளுக்கும் முற்பட்ட இந்தச் சிறு சம்பவத்தை நான் இன்று நினைவுபடுத்துவதற்குக் காரணம் உண்டு. ஒரு கலைஞர் பல காலங்களில் வாசித்த பதிவுகளைத் திரட்டி ஒரே இசைத்தட்டாக வெளியிடும் வழக்கத்தைக் குறித்து ரசிகர்களிடையே பொதுவாக நிலவும் அபிப்பிராயம், அத்தகைய தொகுப்பு என்பது பந்தி முடிந்தபின் பாத்திரத்தின் அடியில் எஞ்சியதை வழித்துப் பரிமாறுவது போன்றதொரு வியாபாரம் என்பதேயாகும். அந்த அபிப்பிராயம் தவறானது என்பதும், தொகுப்பு தன்னளவில் கௌரவமான ஒரு காரியம் என்பதும், அதன் கௌரவத்தைக் கெடுப்பது தொகுக்கும் செயலன்று, வாசித்தவர் யார், எங்கே, எப்போது வாசித்தார் என்பதைச் சொல்லாமல் விடும் அலட்சியமே என்பதும் என் துணிபு. இதற்கு உதாரணமாக நான் எடுத்துக்கொள்வது, 1958 முதல் 1961 வரையில் ஷெர்லி ஸ்காட் பல அமர்வுகளில் வாசித்தவற்றிலிருந்து திரட்டி, பிரெஸ்டிஜ் கம்பெனியார் 1967-இல் 'வொர்க்கின்' என்ற பெயரில் வெளியிட்ட இசைத்தட்டு.

முதலில் ஷெர்லி ஸ்காட் வாசித்த அந்த ஆர்கன் வாத்தியத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லியாக வேண்டும். ஹாமண்ட் ஆர்கன் என்று வழங்கும் அந்தக் கருவியைச் செய்தவர் லாரன்ஸ் ஹாமண்ட். சங்கீத வித்வானாயிராமல் மின்சாரக் கடிகாரங்கள் செய்துவந்த இயந்திர நிபுணராயிருந்த அவர், கடிகாரத்துக்கென்று தாம் கண்ட சீரான மோட்டாரைக் கொண்டே தொண்ணூற்றொரு சிறு சக்கரங்களைக் காந்தங்களின் அருகே சுழலவிட்டு ஸ்வரங்களை எழுப்பும் உபாயத்தைக் கண்டுபிடித்து, 1934-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஷெர்லி ஸ்காட் பிலடெல்பியா நகரத்தில் பிறந்ததும் அதே 1934-ஆம் ஆண்டில்தான் என்பது மனத்துக்கு உவப்பான ஒற்றுமை. பெரிய குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத தேவாலயங்களுக்காகவே இக்கருவி முதன்மையாக விற்கப்பட்டது. இது குழாய் ஆர்கனுக்கு நிகரானது என்று கம்பெனியார் விளம்பரம் செய்யவே, அமெரிக்க அரசாங்கத்தின் வாணிப ஆணையம் வழக்குத் தொடுத்து, சிக்காகோ சர்வகலாசாலையின் தேவாலயத்தில் இரண்டு கருவிகளையும் மாறிமாறி வாசித்துக் காதுகளைச் சோதிக்கும் அளவுக்கு விவகாரம் முற்றி, முடிவில் 1938-இல் அந்த விளம்பரத்துக்குத் தடை விதிக்கப்பட்டது.

குழாய் ஆர்கனுக்கு நிகராக இல்லாமையே அந்தக் கருவிக்கு வாய்த்த பாக்கியம் என்று பிற்காலம் தீர்ப்பளித்தது. கட்டையை அழுத்தும்போதெல்லாம் ஸ்வரத்துக்கு முன்னால் 'டிக்' என்றொரு சிறு சத்தம் எழுவதை இயந்திர நிபுணர்கள் குறையென்று கருதி நீக்க முயன்றார்கள். ஜாஸ் வித்வான்களோ அந்தச் சத்தத்தில்தான் தாளத்தின் நறுக்கு இருக்கிறது என்று கண்டு, அதையே போற்றினார்கள். டான் லெஸ்லி என்பவர் செய்த, கொம்பு சுழலும் ஒலிபெருக்கிப் பெட்டியை ஹாமண்ட் தம் வாத்தியத்தோடு சேர்த்துக்கொள்ள விரும்பவில்லை. வித்வான்களோ அந்தச் சுழற்சியால் உண்டாகும் கம்பிதம் இல்லாமல் ஆர்கனே இல்லை என்னும்படி இரண்டையும் இணைபிரியாதவை ஆக்கிவிட்டார்கள். இவ்வாறு, செய்தவர் குறையென்று கருதியதை வாசித்தவர் குணமாக்கிய வரலாறு இந்த வாத்தியத்தினுடையது. ஆகையால் வாசித்தவரை மறந்துவிட்டு இந்தச் சங்கீதத்தைப் பற்றிப் பேசுவது பெரும் அபசாரமாகும்.

1950-களில் இந்த வாத்தியம் தேவாலயத்திலிருந்து இரவு விடுதிக்கு வந்தது. அங்கே வந்தபோது, கறுப்பின மக்களின் ஆலய வழிபாட்டில் பாடகர் ஒரு சொல்லைச் சொல்ல சபையார் அதற்கு மறுமொழி முழங்கும் அந்த உணர்ச்சிப் பெருக்கையும் தன்னோடு கொண்டுவந்தது. ஒரே ஆள் வலக்கையால் ராகத்தையும், இடக்கையாலும் காலாலும் ஆதார ஸ்வரங்களையும் ஏற்றுக்கொள்ள, ஒரு டிரம் வித்வானும் ஒரு சாக்ஸபோன் அல்லது கித்தார் வித்வானும் துணை நின்றால், பெரிய வாத்திய கோஷ்டியின் நிறைவு மூவரைக் கொண்டே கிடைத்துவிடும். விடுதிக்காரருக்கும் மூன்று பேருக்குச் சம்பளம் கொடுத்தாற் போதும். பிலடெல்பியாவிலும் நியூவார்க்கிலும் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலும் உழைப்பாளி மக்கள் குழுமும் விடுதிகளில் இந்த ஆர்கன் கோஷ்டிகள் இரவிரவாக வாசித்தன. பிலடெல்பியாவை அடுத்த நாரிஸ்டவுனில் பிறந்த ஆர்கன் வித்வான் ஜிம்மி ஸ்மித் 1956-இல் தமது முதல் இசைத்தட்டை வெளியிட்ட பிறகு, புளூஸின் எளிமையும் ஆலய கீதத்தின் உருக்கமும் ஜாஸின் நுட்பமும் கலந்த அந்த வகைக்குச் சோல் ஜாஸ் என்ற பெயர் நிலைத்தது.

ஷெர்லி ஸ்காட்டின் தந்தையார் தம் வீட்டின் நிலவறையிலேயே ஒரு ஜாஸ் கூடத்தை நடத்திவந்தவர். ஆகவே அந்தக் குழந்தைக்குச் சங்கீதம் தாலாட்டோடு வந்து சேர்ந்தது. பியானோவும் பள்ளியில் டிரம்பெட்டும் கற்ற அவர், சாக்ஸபோன் வித்வான் ஜான் கோல்ட்ரேன் உலகப் புகழ் பெறுவதற்கு முன்பே அவரோடு பிலடெல்பியாவில் ஒரே கோஷ்டியில் வாசித்தவர். விடுதியொன்றில் ஆர்கன் வாசிக்க ஆள் வேண்டியிருந்த காரணத்தால் அந்த வாத்தியத்தில் அமர்ந்து, பிறகு அதையே தம் ஜீவனமாக்கிக்கொண்டார். 'லாக்ஜா' என்று அழைக்கப்பட்ட எடி டேவிஸ் என்னும் சாக்ஸபோன் வித்வானின் கோஷ்டியில் சேர்ந்து, 1958-இல் அவரோடு பதிவு செய்த 'குக்புக்' என்னும் இசைத்தட்டினால் நாடறிந்தவரானார். அவ்வாண்டு தொடங்கி 1964 வரையில் பிரெஸ்டிஜ் கம்பெனிக்காக அவர் தம் பெயரில் பதிவு செய்தவை இருபது இசைத்தட்டுகளுக்கும் மேற்பட்டவை.

அவருடைய வாசிப்பின் விசேஷத்தையும் சொல்ல வேண்டும். பிற ஆர்கன் வித்வான்கள் ஆதார ஸ்வரங்களைத் தாமே சுமந்து, கூடம் அதிரும்படி முழக்கமிடுவதைப் பெருமையாகக் கருதிய காலத்தில், ஷெர்லி ஸ்காட் பெரும்பாலும் ஜார்ஜ் டுவிவியர் போன்ற ஒரு பாஸ் வித்வானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தச் சுமையை அவரிடம் ஒப்படைத்துவிட்டு, கிடைத்த இடைவெளியில் தம் விரல்களைச் சாவகாசமாக நடக்கவிட்டார். பேசத் தெரிந்தவர் பேச்சினிடையே நிறுத்தும் இடம் எப்படி அர்த்தத்தோடு விளங்குமோ, அப்படி அவருடைய மௌனங்கள் விளங்கின. பியானோவில் பழகிய விரலாதலால் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியே வரம்பு கட்டியதுபோல் தெளிவாக எழும்; அதே சமயம், பிடித்த ஸ்வரத்தைப் பியானோ விட்டுவிடுமிடத்தில் ஆர்கன் விடாது பற்றிநிற்கும் இயல்பை அவர் அறிந்து, ஒரே ஸ்வரத்தை நீட்டி நிறுத்தி, மற்ற வாத்தியங்கள் அதனடியில் நகர்ந்து செல்லுமாறு செய்வார். வேகத்தையும் முழக்கத்தையும் மட்டுமே ஆர்கனின் லட்சணம் என்று எண்ணியிருப்பவர் அவரைக் கேட்டால் தம் எண்ணத்தை மாற்றிக்கொள்வார்.

இனி, தொகுப்பு எப்படி உண்டாயிற்று என்று பார்ப்போம். பாப் வைன்ஸ்டாக் என்பவர் 1949-இல் நிறுவிய பிரெஸ்டிஜ் கம்பெனியின் வழக்கம், ஒத்திகைக்குப் பொழுது அதிகம் கொடாமல், வித்வான்களை ஒரே நாளில் இயன்றவரை வாசிக்கச் செய்து, பதிவான நாடாக்களைப் பெட்டகத்தில் அடுக்கி, தனக்குச் சௌகரியமானபோது சிறிது சிறிதாக வெளியிடுவது. டிரம்பெட் வித்வான் மைல்ஸ் டேவிஸ் 1956-இல் மே 11, அக்டோபர் 26 ஆகிய இரண்டே நாட்களில் அந்தக் கம்பெனிக்கு வாசித்துக் கொடுத்தவை, 1957 தொடங்கி 1961 வரையில் நான்கு தனித்தனி இசைத்தட்டுகளாக வெளிவந்து, இன்றும் ஜாஸ் உலகின் பொக்கிஷங்களாக மதிக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்றின் பெயரும் 'வொர்க்கின்' என்பதே. ஷெர்லி ஸ்காட் 1960-களின் நடுவில் இம்பல்ஸ் கம்பெனிக்கு மாறிய பிறகு, பெட்டகத்தில் எஞ்சியிருந்த அவருடைய நாடாக்களைப் பிரெஸ்டிஜ் கம்பெனியார் எடுத்துத் தொகுத்தார்கள். அவருடைய புகழ் புதிய இடத்தில் ஓங்கியிருந்ததைப் பழைய இடம் பயன்படுத்திக்கொண்டது என்பதை நான் மறுக்கவில்லை.

கலைஞர் தாமே வரிசைப்படுத்தி அங்கீகரித்த இசைத்தட்டே சிருஷ்டி, பிறர் கூட்டிச் சேர்த்தது வெறும் மூட்டை என்று சொல்வோர் உண்டு. ஓவியரின் கண்காட்சிக்கும் நாவலாசிரியரின் நூலுக்கும் பொருந்தக்கூடிய இந்த வாதம், பிரெஸ்டிஜ் போன்ற கம்பெனிகளில் வாசித்தவர்களுக்குப் பொருந்தாது. மைல்ஸ் டேவிஸின் நான்கு தட்டுகளிலும் எதை எதோடு சேர்ப்பது, எதை எப்போது வெளியிடுவது என்பதைப் பெட்டகத்தின் சாவியைக் கையில் வைத்திருந்தவர்களே தீர்மானித்தார்கள். மூலத் தட்டே ஒருவகைத் தொகுப்பாயிருக்கும்போது, பின்னால் வந்த தொகுப்பைமட்டும் தாழ்வாகக் கருதுவது நியாயமாகாது. மேலும், இரவுதோறும் விடுதியில் வாசிப்பதையே தொழிலாகக் கொண்ட ஆர்கன் வித்வானின் கலை, ஒரு மகா காவியத்தைப்போல் ஒரே இடத்தில் குவிந்து நிற்பதன்று; நெசவாளரின் தறியிலிருந்து நாள்தோறும் இறங்கும் துணியைப்போல் நீண்டுகொண்டே செல்வது. 'வேலையில் இருக்கிறார்' என்னும் பொருள்பட அமைந்த அந்தத் தலைப்பு, கம்பெனியார் வியாபார நோக்கத்தோடு வைத்ததாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கலையின் இயல்பை அதைவிடச் சரியாகச் சொல்லும் பெயர் எனக்குத் தோன்றவில்லை.

பதிவான தேதியும் இடமும் தெரிந்து கேட்பவருக்கு அத்தகைய தொகுப்பு தரும் லாபம் பெரிது. பிரெஸ்டிஜ் பதிவுகளைச் செய்தவர் ரூடி வான் கெல்டர் என்னும் மேதை. 1959 வரையில் அவர் பகலில் கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுக்கும் தொழிலைச் செய்துகொண்டு, ஹாக்கென்சாக் என்னும் ஊரில் தம் பெற்றோரின் வீட்டு முன்கூடத்தையே ஒலிப்பதிவுக் கூடமாக்கியிருந்தார். 1959-இல்தான் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் மர விதானம் உயர்ந்த பெரிய கூடத்தைக் கட்டிக்கொண்டு அங்கே குடியேறினார். ஆகவே 1958-இலும் 1961-இலும் பதிவானவற்றை அடுத்தடுத்துக் கேட்கும்போது, இருபத்துநான்கு வயதுப் பெண்ணின் கை இருபத்தேழு வயதில் எப்படி முதிர்ந்தது என்பதோடு, வீட்டுக் கூடத்தின் நெருக்கத்தில் ஒலித்த ஆர்கன், உயர்ந்த விதானத்தின்கீழ் எப்படி மூச்சுவிட்டது என்பதையும் நம் காது அறிந்துகொள்கிறது. ஒரே நாளில் பதிவான தனித்தட்டு இந்த அனுபவத்தைத் தர இயலாது. ஆனால் தேதியும் இடமும் தெரியாத ரசிகருக்கு இந்த வேறுபாடெல்லாம் காரணம் விளங்காத குழப்பமாகவே தோன்றும். சாட்சியமாக விளங்க வேண்டியது சந்தடியாகிவிடும்.

இங்கேதான் என் மனக்குறை தொடங்குகிறது. 1980-களின் இறுதியில் லண்டனில் நடன விடுதிகளில் தட்டுகளைச் சுழற்றிய இளைஞர்கள், இந்தப் பழைய ஆர்கன் சங்கீதத்தை மிகுந்த ஆர்வத்தோடு மீட்டெடுத்தார்கள். அதற்கு நாம் நன்றி செலுத்தக் கடமைப்பட்டிருக்கிறோம். ஆயினும் அவர்களிடையே பிறந்த 'ஆசிட் ஜாஸ்' என்னும் புதுப்பெயரை, அப்பெயரைக் கேட்டேயிராத காலத்தில் வாசித்த கலைஞர்களின்மேல் ஏற்றி, 1990-களில் 'ஆசிட் ஜாஸ் சிரஞ்சீவிகள்' என்று பொருள்படும் வரிசையொன்றில் பிரெஸ்டிஜ் பெட்டகத்தின் பழைய பதிவுகள் தொகுக்கப்பட்டபோது, விற்பனைக்கு உதவிய அந்தத் தலைப்பு சரித்திரத்துக்கு உதவவில்லை. ஒரு மனிதருக்கு அவர் அறியாத பெயரைச் சூட்டி அழைப்பது அன்பினால் செய்த காரியமேயானாலும், அவருடைய காலத்தையும் சபையையும் அவரிடமிருந்து பறிப்பதாகவே முடியும்.

நம் காலத்திலோ நிலைமை இன்னும் மோசமாகியிருக்கிறது. தட்டு என்று ஒன்று இருந்தவரையில் அதன் உறையின் பின்புறத்திலாவது வாசித்தவர் பெயர்கள் அச்சாயிருந்தன. இன்று கைபேசியில் ஒரு தொகுப்பைத் திறந்தால், பெரும்பாலும் தலைமைக் கலைஞரின் பெயரும், தொகுப்பு வெளியான வருஷமும் மாத்திரமே கண்ணில் படுகின்றன. 1958-இல் வாசித்தது 2010-இல் பிறந்ததுபோல் தோற்றம் கொள்கிறது. ஜார்ஜ் டுவிவியரின் பாஸும் ஆர்தர் எட்ஜ்ஹில்லின் டிரம்மும் யாருடையவை என்று தெரியாத ஒலிகளாகக் காற்றில் கரைகின்றன. 2008-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி ஹாலிவுட்டின் யூனிவர்சல் ஸ்டூடியோ வளாகத்தில் மூண்ட தீயில் மூல ஒலிநாடாக்கள் பல எரிந்தொழிந்தன என்ற செய்தியை நினைக்கும்போது, எஞ்சியவற்றைத் தொகுத்து உலவவிடுவோரின் பொறுப்பு எத்துணைப் பெரிது என்பது விளங்கும். தீ நாடாவை அழிக்கிறது. அலட்சியமோ நாடா பத்திரமாயிருக்கும்போதே நாமத்தை அழிக்கிறது.

தொகுத்தல் என்னும் தொழிலைத் தாழ்வென்று கருதாத மரபில் வந்தவர்கள் நாம் என்பதால், இதைச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. நம்முடைய மிகப் பழைய இலக்கியங்களுள் எட்டுக்குப் பெயரே தொகை என்பதுதான். பாடினவர் பெயரும், திணையும், துறையும், பாடப்பட்டவன் பெயரும் புறநானூற்றுச் செய்யுள்களின் அடியில் குறிக்கப்பட்டிருக்கின்றன. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர் என்றும், தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி என்றும் நாம் இன்றும் சொல்கிறோம். பாடியவருடைய இயற்பெயர் மறைந்துபோன இடத்திலும் அவரை அநாதையாக விட்டுவிட மனமில்லாமல், அவருடைய செய்யுளிலிருந்தே ஒரு தொடரை எடுத்து, செம்புலப்பெயனீரார் என்று பெயர் சூட்டி மரியாதைப் பன்மையில் அழைத்த நாகரிகம் அது. பனை ஓலையில் எழுத்தாணியால் கீறிய காலத்தில் சாத்தியமாயிருந்த இந்தக் கண்ணியம், ஒரு விரல்நுனியில் உலகத்துச் செய்தியெல்லாம் அடங்கும் காலத்தில் சாத்தியமில்லை என்று யாரேனும் சொல்வாரானால், அவருக்கு இல்லாதது வசதியன்று, மனமே.

ஆகையால் நான் வேண்டுவது மிக எளிய ஒரு காரியம். பழைய பதிவுகளைத் தொகுத்து வெளியிடும் எந்தக் கம்பெனியும், ஒவ்வொரு உருப்படிக்கும் நேராக, அதில் வாசித்தவர் அனைவரின் பெயரையும், பதிவான தேதியையும் ஊரையும், அது முதலில் எந்தத் தட்டில் வெளிவந்தது அல்லது வெளிவராமல் இருந்தது என்பதையும் குறித்தாக வேண்டும். தொகுத்தவரும் தம் பெயரை ஒளிக்காமல், இன்ன காரணத்தால் இவற்றைத் தேர்ந்தேன் என்று ஒரு பக்கமாவது எழுத வேண்டும். கைபேசி வழியே சங்கீதம் வழங்குவோர் இந்த விவரங்களை வாங்கி வைத்துக்கொள்வதோடு நில்லாமல், தேடித் துழாவாமல் கண்ணில் படும் இடத்தில் காட்ட வேண்டும். ரசிகர்களாகிய நாமும், விலை என்ன என்று கேட்பதற்கு முன்னால், வாசித்தவர் யார் என்று கேட்கும் பழக்கத்தை மேற்கொள்ள வேண்டும். கேட்கப்படாத கேள்விக்கு வியாபாரிகள் விடை தேடமாட்டார்கள்.

ஷெர்லி ஸ்காட் தம் பிற்காலத்தில், பிலடெல்பியாவை அடுத்த செய்னி சர்வகலாசாலையில் ஆசிரியராக அமர்ந்து மாணவர்களுக்கு ஜாஸ் சங்கீதத்தைப் போதித்தார். 2002-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் தேதி, தாம் பிறந்த அந்த நகரத்திலேயே காலமானார். 'லிட்டில் மிஸ் காட்' என்றும் 'ஸ்டான் டர்னர்' என்றும் அந்த இருவருடைய பெயர்களைச் சிதைத்து அச்சிட்டபோது, கம்பெனியாருக்கு ஒப்பந்தம் என்ற ஒரு காரணமாவது இருந்தது. அந்த ஒப்பந்தங்களெல்லாம் காலாவதியாகிவிட்டன; வாசித்தவர்களும் மறைந்துவிட்டார்கள். இன்று அவர்களுடைய பெயரைச் சொல்லவிடாமல் நம் வாயை அடைக்கும் காகிதம் எதுவும் இல்லை. ஆர்கன்: ஷெர்லி ஸ்காட். டெனர் சாக்ஸபோன்: ஸ்டான்லி டரன்டைன். இந்த இரண்டு வரிகளை எழுதுவதற்கு எவ்வளவு மை செலவாகிவிடும்?